தொப்பூர் சந்தியில் ஒரு வழக்கு

தருமபுரி மேட்டிலிருந்து சேலம் பக்கம் சரிகிற தொப்பூர்க் கணவாயைப் பற்றி லாரிக்காரர்களிடம் கேட்டால் முதலில் சாமியைக் கும்பிடுவார்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கிய வண்டிகள், பிரேக் பிடிக்காமல் இரட்டைப் பாலத்தருகே போய் முட்டிய கதைகள் ஏராளம். ஒழுங்காக இறங்கியவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் ஒரு டீ சொல்வார்கள். அந்த டீக்கடைப் பெஞ்சில்தான் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறார். வாய் நியூட்ரலில் இருக்கிறது.

தோட்டம் உண்டு, இரண்டு மாடு உண்டு. ஆனாலும் அவருடைய உண்மையான தொழில் நியாயம் கேட்பது. வீட்டில் சின்னதாக ஒரு முணுமுணுப்பு எழுந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு சந்திக்கு வந்துவிடுவார். "நான் சொல்றது தப்புன்னா செருப்பால அடிங்கண்ணா" என்பது முகவுரை. தப்பு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. டீக்குக் காசு கொடுப்பவர் அவர்.

அன்றைய வழக்கு, ராகிக் களியில் கட்டி தட்டியது. கேட்க அற்பமாக இருக்கும். அவர் சொல்லும்போது அப்படி இருக்காது. கட்டியிலிருந்து மனைவியின் கவனக்குறைவுக்கு வருவார், அங்கிருந்து அவளை வளர்த்த மாமியாருக்கு, பிறகு கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவின் ஓட்டைக்கு. பஞ்சர் கடைத் தம்பி கொதித்துப்போவான்: "இதை இப்படியே விடக்கூடாது மாமா!" அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குடும்ப வழக்குகளில் ஈவிரக்கமில்லாத தீர்ப்பு சொல்பவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான்.

மாலையில் அவர் வீடு திரும்புவார். மனைவி புளிச்சக்கீரையைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவாள். இவர் சொல்லாமலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். ராஜி ஆகிவிட்டது. அதைப் போய்ச் சந்தியில் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றாது. கேட்டவர்கள் பாட்டுக்குச் சண்டையை எடுத்துக்கொண்டு மேட்டூர் ரோட்டிலும் சேலம் ரோட்டிலும் போய்விட்டார்கள். போதாததற்கு அந்தச் சேலம் ரோடு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஒரு முனை ஸ்ரீநகரில் இருக்கிறது. மாதங்கள் கழித்து வடக்கே போய்த் திரும்பிய டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணா, அண்ணியை அவங்கம்மா வீட்டுக்கே அனுப்பிச்சிட்டீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தபோது, எந்த வழக்கு என்று நம் ஆளுக்கே பிடிபடவில்லை.

நைஜீரியாவின் தென்மேற்கில் யோருபா மக்கள் இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள். 'கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்து யாரும் சிநேகிதம் பாராட்டுவதில்லை' என்று அவர்களிடம் ஒரு சொலவடை. இன்னொன்று, 'சண்டை போடுகிறோம் என்றால் சாகட்டும் என்று அர்த்தமில்லை'. புருஷன் பெண்டாட்டிக்கு இந்த இரண்டாவது தெரியும். பெஞ்சில் இருப்பவர்களுக்கு அது தெரியாததுதான் சிக்கல்.

வீட்டு விஷயம் சந்திக்கு வராமலிருக்க நம் பக்கத்திலும் ஏற்பாடுகள் இருந்தன. அகத்திணைப் பாட்டில் காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் கறாராக விதித்தது. நம் ஆள் பெயரோடு மாமனார் ஊரையும் சேர்த்துச் சொல்வார். நிஜக் கோர்ட்டே கூச்சப்படுகிறது: 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 22ஆவது பிரிவில், விசாரணையை மூடிய அறைக்குள் நடத்தச் சொல்கிறது, அதை வெளியே அச்சிடவும் தடை. தொப்பூர் பெஞ்சுக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. (கை நீளுகிற வீடு வேறு கணக்கு. அங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம். 181க்குப் போன் செய்ய வேண்டும்.)

களி வழக்கு பென்னாகரத்திலிருக்கும் மச்சான் காதுக்கு எட்டியபோது களி விவாகரத்தாகியிருந்தது. அவர் வாடகைக் கார் பிடித்து, இரண்டு பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே கணவனும் மனைவியும் சீரியல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு முகம் வாடிவிட்டது.

"வந்தவங்களுக்கு என்னத்தச் சொல்றது?" என்று மனைவி அடுப்படியில் கிசுகிசுத்தாள். "கார் வாடகை வேற குடுத்திருக்கான். கொஞ்ச நேரம் ஏதாச்சும் சண்டை போடுங்களேன்."

அவரும் முயன்றார். எதிராளி பக்கத்தில் நின்று சிரித்தால் வழக்கு எடுபடுமா? கடைசியில் களி கிண்டி எல்லோருக்கும் இலை போட்டார்கள். மச்சான் ஒரு உருண்டையை விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தார். "அக்கா, களி கட்டி தட்டியிருக்கே."

அவ்வளவுதான். "என் பொண்டாட்டி களியைச் சொல்றியா நீ?" என்று எழுந்தவர், கையைக் கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டார். மனைவி செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

"போங்க, போய் நாலு பேருகிட்ட நியாயம் கேளுங்க!"