பெட்ரோல் தீரட்டும் பேராண்டி, நீ தூங்கு

ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சுக் கெடந்து போனைத் தடவிக்கிட்டு இருக்கியாம். உலகத்துல எண்ணெய் வத்திரும், கரண்டு நின்னுரும், ரூபா வெறுங் காயிதமாப் போயிரும்னு படிச்சுப் படிச்சு வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டு இருக்கேன்னு உன் பொஞ்சாதி ஆச்சிகிட்ட அழுதிருக்கா. ஆச்சி என்கிட்ட வந்து, "புள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க"ன்னு நிக்கிறா. நல்ல வார்த்தை என்கிட்ட என்னைக்குலே இருந்துச்சு? இருக்கிறதைச் சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல ஒரு சந்தேகம். கரண்டு நிக்கப்போகுதுன்னு தெரிஞ்ச ஆளு ஏழாவது மாடியில வீடு வாங்குவானா? லிப்டு ஓடினாத்தான் நீ மேல போகணும், மோட்டார் ஓடினாத்தான் தண்ணி மேல வரணும். அதுக்கு 20 வருசக் கடன் வேற. 20 வருசத்துக்கும் கம்பெனி நிக்கும், மாசாமாசம் சம்பளம் வரும்னு நம்புறவன்தான் அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடுவான். பகல்ல பேங்க்காரன் முன்னால அம்புட்டு நம்பிக்கை, ராத்திரி போனுக்கு முன்னால உலகமே முடிஞ்சு போச்சு! ரெண்டு பேர்ல ஒருத்தன் உன்னை ஏமாத்துறான். ரெண்டு பேருமே ஏமாத்துறாங்கன்னுதான் எனக்குப் படுது.

ஒதுக்கு அறையில ரெண்டு இன்வர்ட்டர், தண்ணி டிரம்மு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, மூட்டை மூட்டையா அரிசின்னு அடுக்கி வச்சிருக்கியாமே. அரிசியில வண்டு வந்துருச்சாம். பஞ்சம் வர்றதுக்கு முந்தி வண்டு வந்துரும், அதுக்கு நேரங்காலம் தெரியாது.

உங்கப்பன் எக்கனாமிக்ஸ் படிச்ச காலத்துப் புத்தகமெல்லாம் இன்னும் பரண்லதான் கெடக்கு. மழைக்காலத்துல எனக்கு வேற சோலி என்ன? அதுல ஒருத்தர் வர்றாரு, ஜெவன்ஸ்னு இங்கிலாந்துக்காரர். உனக்குப் பெரியப்பா முறை வேணும்னு நெனைக்கிறேன். 1865-ல ஒரு புத்தகம் போட்டாரு. இங்கிலாந்து வாழறதே நிலக்கரியில, அது ஆழத்துக்குப் போகப் போக வெட்டியெடுக்கக் காசு கூடும், பொறவு நம்ம நாட்டு மவுசு தானா இறங்கும்னு எழுதுனாரு. பார்லிமெண்ட்டு வரைக்கும் கலங்கிப்போச்சு. ஆளு சும்மா உளறலை. நல்ல இஞ்சின் வந்தா கரி மிச்சமாகும்னு எல்லாரும் நெனைக்க, அவரு மட்டும் "இல்லய்யா, இஞ்சின் மலிவா ஓடினா இஞ்சின் பெருகும், கரியும் கூடத்தான் செலவாகும்"னாரு. நம்ம வீட்டையே பாரு. அன்னைக்கு 60 வாட்டு குண்டு பல்பு ஒண்ணு எரிஞ்சுச்சு. இன்னைக்கு 9 வாட்டு பல்புதான், ஆனா கக்கூசு வரைக்கும் எரியுது.

இங்கிலாந்துல கரி வெட்டுறது 1913-ல உச்சத்துக்குப் போயி, பொறவு இறங்கத்தான் செஞ்சுச்சு. ஆனா முடிஞ்ச விதத்தைப் பாரு. கரியில கரண்டு எடுத்த கடைசி நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ந் தேதி அவங்களே மூடிட்டாங்க. பூமிக்குள்ள கரி இன்னும் கெடக்கு. காத்து, கேசு, அணுன்னு வேற வழி வந்துருச்சு, கரி வேண்டாம்னுட்டாங்க.

உனக்கும் அந்த ஜெவன்சுக்கும் ஒட்டுறவு எங்கன்னா, அவருக்குக் காயிதமும் தீர்ந்து போகுமோன்னு பயமாம். எழுதுற காயிதமும், பொட்டலம் கட்டுற பழுப்புக் காயிதமுமா வாங்கி அடுக்கிட்டாரு. அவரு செத்து 50 வருசத்துக்கு மேல ஆகியும் புள்ளைக அந்தப் பழுப்புக் காயிதத்தைச் செலவழிச்சு முடிக்கலைன்னு கெய்ன்ஸ்னு இன்னொரு பெரிய படிப்பாளி எழுதி வச்சிருக்காரு. மனுசன் எப்படிச் செத்தாருங்கே? காயிதம் இல்லாமலா, கரி இல்லாமலா? 46 வயசுல கடல்ல குளிக்கப் போயி முங்கிப் போனாரு. நீ போன மாசம் குடும்பத்தோட கடற்கரைக்குப் போனேன்னு போட்டோ அனுப்பியிருந்தே. அங்கன கொஞ்சம் பயப்பட்டிருக்கலாம், லாபமா இருந்திருக்கும்.

நீ அடிக்கடி சொல்ற அமெரிக்க எண்ணெய் நிபுணர் ஹப்பர்ட்டு கதையும் இதே கணக்குத்தான். அமெரிக்காவுல எண்ணெய் 1970-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போயி இறங்கும்னு 1956-லயே சொன்னாரு. சொன்ன மாதிரியே இறங்குச்சு. சபாஷ்! பொறவு பாறையை ஒடைச்சு எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சு, 2018-ல பழைய உச்சத்தையும் தாண்டிட்டாங்க. அவரு சொன்னது பொய்யில்லை, சொல்லாம விட்டதும் நடந்துச்சு. உன் போன்ல வர்ற ஆளுகளுக்கு இந்த ரெண்டாவது பாதி பிடிக்காது. பயந்தவன்தானே விடிய விடிய பாத்துக்கிட்டு இருப்பான்.

அதுக்காகக் கிழவன் "ஒண்ணும் ஆகாது, போர்த்திப் படு"ங்கிறான்னு நெனைச்சிராதே. ஆகும். நம்ம நாட்டுக்கு வேணுங்கிற கச்சா எண்ணெய்ல நூத்துக்கு 85-க்கு மேல வெளியூர்ச் சரக்கு. வளைகுடாவுல ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்கினா கோவில்பட்டியில காய்கறி விலை ஏறும். 1991-ல அப்படித்தான் ஆச்சு. சண்டையில எண்ணெய் விலை ஏறி, கையில இருந்த டாலர் ரெண்டு மூணு வார இறக்குமதிக்குக் கூடக் காணாதுன்னு, 47 டன் தங்கத்தை விமானத்துல ஏத்தி லண்டனுக்கு அடகுக்கு அனுப்புச்சு சர்க்கார். அந்த வருசம் உங்க ஆச்சி சங்கிலியும் சேட்டு கடையிலதான் இருந்துச்சு. சர்க்கார் மானம் போச்சுன்னு பேப்பர்ல எழுதுனாங்க. ஆச்சி சிரிச்சா, "நமக்குத் துணைக்கு ஆள் வந்துருச்சு"ன்னு.

ஆனா பற்றாக்குறை வர்ற விதத்தை நீ சரியாப் பாக்கலை. உலகம் பூரா ஒரே ராத்திரியில வௌக்கணைஞ்சு, எல்லாரும் ஒண்ணாக் குத்தவச்சு அழுவோம்னு நெனைக்கிறே. அம்புட்டு சமத்துவம் நம்ம நாட்டுல எதுலலே இருந்துச்சு, இதுல மட்டும் வர்றதுக்கு?

2012-ஐ நெனைச்சுப் பாரு. நீ அப்ப சென்னையில இருந்தே. உனக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வெட்டு. எங்களுக்கு 12, சில நாள் 14. சில நேரம் மூணு மணி நேரத்துக்கு வெட்டின கரண்டு ஒரு மணி நேரம் தலையைக் காட்டிட்டு மறுபடி ஓடிரும். "தாத்தா, ரெண்டு மணி நேரம் ஃபேன் இல்லாம செத்துப் போறோம்"னு நீ போன் போட்டே. நான் பதில் சொல்றதுக்குள்ள என் போன்ல சார்ஜ் போயிருச்சு.

நம்ம தெரு மாவுமில்லுக்காரர் ராத்திரி கரண்டு வந்ததும் சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டே வருவாரு, "கரண்டு வந்திருக்கு, ஊறப்போட்டதை எடுத்துட்டு வாங்க"ன்னு. ஆச்சி அரைத் தூக்கத்துல தூக்குச்சட்டியோட போவா. ரெண்டு மணிக்கு மில்லு வாசல்ல தெருவே நிக்கும். முடியைக் கூட அள்ளி முடியாம, கொட்டாவி விட்டுக்கிட்டு, யார் மொதல்ல வந்ததுன்னு சண்டை போட்டுக்கிட்டு. ஒரு கல்யாணத்துப் பந்திச் சண்டையில பேச்சை விட்டிருந்த ரெண்டு வீட்டுக்காரங்க அந்த வரிசையிலதான் பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கம் கோயம்புத்தூர் பட்டறைக்காரன் டீசலுக்குக் கொட்டிக் கொடுத்தே கடனாளி ஆனான். வசதி இருந்தவன் இன்வர்ட்டர் வாங்கினான். அத்தனை இன்வர்ட்டரும் கரண்டு வந்த நேரத்துல சார்ஜ் ஏத்தி, இருக்கிற கரண்டையும் உறிஞ்சுச்சு.

அது எப்படித் தீந்துச்சு? புது நிலையங்க ஓட ஆரம்பிச்சுச்சு. 2013 கடைசி நாள்ல ரெய்ச்சூர்-சோலாப்பூர் லைனைப் போட்டு நம்ம தெக்கத்திக் கரண்டை நாட்டுக் கரண்டோட கோத்தாங்க. யாரோ சில இஞ்சினியருக கம்பியைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். உன்னை மாதிரி அவங்களும் ராத்திரி முழிச்சாங்க, ஆனா கையில வேலை இருந்துச்சு.

அக்கரையில இலங்கையைப் பாரு, 2022-ல. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டு. பெட்ரோல் பங்க்ல நாள்கணக்கா வரிசை, வரிசையிலேயே விழுந்து செத்தவங்களும் உண்டு. உலகத்துல எண்ணெய் தீந்தா போச்சு? கப்பல் கப்பலாக் கெடந்துச்சு, வாங்கத்தான் டாலர் இல்லை. பொறவு க்யூஆர் அட்டை போட்டு பைக்குக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20-ன்னு அளந்தாங்க. அளக்க ஆரம்பிச்சதும் வரிசை கொறைஞ்சுச்சு. இங்கருந்து அரிசி, பால்மாவு, மருந்துன்னு கப்பல்ல போச்சு. அந்த நெருக்கடியில யாரு பட்டினி கெடந்தா, யாரு விமானம் ஏறிப் போனான்னு தேடிப் படி. எண்ணெய் எப்பத் தீரும்ங்கிறதை விட அது உனக்குப் பிரயோசனப்படும்.

அளந்து கொடுக்கிறது நமக்கும் புதுசில்லை. எங்க ஐயா கரிபஸ்சுல போனவரு. ரெண்டாம் உலகச் சண்டையில பெட்ரோலுக்கு ரேசன். பஸ்சுக்குப் பின்னால ஒரு பெரிய இரும்பு உருளை, அதுல அடுப்புக்கரியைக் கொட்டிப் பத்தவச்சு, கிளீனர் ஊதுசக்கரத்தைச் சுத்து சுத்துன்னு சுத்துவானாம். மூஞ்சியெல்லாம் கரி. வாயு பிடிச்சாத்தான் வண்டி நகரும். மேடு வந்தா, டிக்கெட் எடுத்தவன் எல்லாம் இறங்கித் தள்ளணும். ஐயா அதைச் சொல்லும்போது அழுததில்லை. "காசும் கொடுத்து வண்டியையும் தள்ளினேன்"னு கண்டக்டரைத்தான் வைவாரு.

இதைக் கேட்டுட்டு, "பழைய வாழ்க்கைக்கே போயிருவோம் தாத்தா, கமலையில தண்ணி இறைப்போம்"னு கெளம்பிராதே. ஒரு பயம் போயி இன்னொரு கிறுக்கு. கமலை இறைச்சவன் நான். இருட்டோட மாட்டைப் பூட்டி, சரிவுல பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து, வெயில் ஏறுற வரைக்கும் இறைச்சா நனையிறது ஒரு துண்டு நெலம். ஊருக்குக் கம்பம் வந்து மோட்டார் போட்ட அன்னைக்குக் கெணத்துக்குப் பொங்கல் வச்சோம். உங்க ஆச்சி கண்ணுல பொரை விழுந்ததுக்கு வயசு பாதி, விறகடுப்புப் புகை பாதின்னு நான் சொல்லுவேன். விறகுப் பஞ்சத்துக்குன்னு கொண்டாந்து தூவின சீமைக்கருவேலம் இன்னைக்குக் கம்மாயெல்லாம் அடைச்சு நிக்குது. வெட்டச் சொல்லி 2017-ல ஹைகோர்ட்டே உத்தரவு போட்டும் அது போறதா இல்லை. அதனால "இதோ வழி கண்டுபிடிச்சாச்சு"ன்னு சொல்றவனையும் ஒரு கண்ணு வச்சுக்கோ.

பொருளாதாரம் சரியும்ங்கிறே. எங்களுக்கு அது வந்துட்டுப் போயிக்கிட்டுத்தான் இருக்கு. மெசின் தீப்பெட்டி வந்து கைத்தீப்பெட்டி போச்சு, வீட்டுல குச்சி அடுக்கின பொம்பளைக பட்டாசு ஆபீசுக்கும் நூறுநாள் வேலைக்கும் போனாங்க. சீனாக்காரன் லைட்டர் வந்து மெசின் தீப்பெட்டியும் தள்ளாடுச்சு. 20 ரூவாய்க்குக் கீழ உள்ள லைட்டரை இறக்கக் கூடாதுன்னு 2023-ல தடை போட்டப்பத்தான் தீப்பெட்டிக்காரங்க மூச்சு விட்டாங்க. சரிவுங்கிறது இப்படி வீடு வீடாத்தான் வரும், ஒரு வீட்டுக்கு வர்ற அன்னைக்கு அடுத்த வீட்டுல கெடா வெட்டு நடக்கும்.

அப்ப என்னதான் செய்யன்னு கேப்பே. கடனை அடை. மொதல்ல அந்தக் கார்க் கடனை. எண்ணெய் தீந்தாலும் தீராட்டாலும் கடன்காரன் தீரமாட்டான். எதிர்வீட்டு ஆளு பேர் தெரியுமா உனக்கு? உன் கட்டடத்துல எத்தனை குடின்னு ஆச்சி கேட்டதுக்கே முழிச்சே. லிப்டு நின்ன அன்னைக்கு ஆறாவது மாடிக்காரன்தான் உன் புள்ளைகளுக்குச் சோறு போடணும், அந்த அரிசி மூட்டையைப் பாதி கொடுத்தாவது இப்பவே பழகிக்கோ. குழாய்க்கு வாசர் மாத்தப் படி. வேலை போனா ஆறு மாசம் தாங்குமான்னு கணக்குப் பாரு, தாங்காட்டி அதுக்குப் பயப்படு, அது நியாயமான பயம். கயத்தாறு பக்கம் நிக்கிற காத்தாடியப் பாத்து போட்டோ மட்டும் எடுக்காம, உன் மொட்டை மாடியில சோலார் போட சங்கத்துக் கூட்டத்துல வாயைத் தொற.

வரிசையில உன்னைக் கடைசியில நிறுத்தினா சத்தம் போடவும் தெரியணும். 1972-ல கரண்டுக் கட்டணத்தை ஏத்தினப்ப, விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால நின்ன விவசாயிக எதிர்காலத்தை நெனைச்சு வீட்டுல கவுந்து படுக்கலை. கட்டை வண்டியெல்லாம் பூட்டிக்கிட்டுப் போயி கோயம்புத்தூர் ரோட்டை அடைச்சாங்க. இன்னைக்கு என் கெணத்து மோட்டாருக்கு வர்ற இலவசக் கரண்டு அந்த மாதிரிப் போராட்டத்துல மொளைச்சதுதான். இலவசங்கிறதால அது ராத்திரியிலதான் வருது, அது வேற கதை.

பயப்படவே கூடாதுன்னு சொல்லலை. காலையில பல்லு வெளக்குன கையோட பத்து நிமிசம் நல்லாப் பயந்துக்கோ. வெளிச்சத்துல பயந்தா கரண்டும் மிச்சம்.

இங்க உளுந்து காஞ்சு நிக்குது. இன்னும் நாலு நாள் விட்டா நெத்து வெடிச்சுக் கரிசல்லயே கொட்டிரும், பிடுங்க ஆள் கெடைக்கலை. வெள்ளிக்கெழமை ராத்திரி ரயில் ஏறி புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வா. ஊர்க் கூலிதான், பேரன்னு ஒரு ரூவா கூடப் போடமாட்டேன்.