போட்டிக்கு ஒரு கதை

வாசகி, கோவில்பட்டி: சிறுகதை, கவிதை என்று எந்தப் போட்டி வந்தாலும் அனுப்புகிறேன். பரிசுதான் வரமாட்டேன் என்கிறது. நடுவர்கள் படிக்கிறார்களா, இல்லையா?

பதில்: படிக்கிறார்கள். முதல் பக்கத்தைக் கண்டிப்பாக! அதில் விடிகாலை, சேவல், சூரியன் மூன்றும் ஆஜரானால் இரண்டாம் பக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஏழைத்தாய் கடைசி வரியில் சாகும் கதைகள் ஒரு கட்டு வந்திருக்கும். உங்கள் தாயையாவது பிழைக்க வையுங்கள். கரிசல்காட்டில் இருந்துகொண்டு ஊட்டிக் காதலை ஏன் எழுதுகிறீர்கள்? கதைப் பக்கத்தில் எழுதியவர் பெயர் கூடாது என்று விதி இருந்தால் எழுதாதீர்கள். கதாநாயகிக்கு உங்கள் பெயரை வைப்பதும் அதில் சேர்த்திதான்.

முதல் பரிசுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். எழுத்தாளர் பி.எஸ். ராமையா 1930களின் தொடக்கத்தில் ‘மலரும் மணமும்’ கதையை ஆனந்த விகடன் போட்டிக்கு அனுப்பினார். கிடைத்தது ஆறுதல் பரிசு. பிறகு ‘மணிக்கொடி’ இதழுக்கே ஆசிரியரானார். பரிசுக்கென்று தனியாக எழுதாமல் பத்திரிகைகளுக்கு அனுப்பினாலும் வழி உண்டு. 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் வெளிவந்த கதைகளிலிருந்துதான் மாதம் ஒன்றைப் பொறுக்கியது.

அதே வாசகி: ஒரு கவிதைப் போட்டியில் கட்டணம் கட்டி, தொகுப்பில் பத்துப் பிரதி வாங்கினால்தான் சான்றிதழாமே?

பதில்: அது போட்டி இல்லை அம்மா, புத்தக வியாபாரம். அங்கே நீங்கள் கவிஞர் இல்லை, வாடிக்கையாளர். பத்துப் பிரதிக்குத் தள்ளுபடியாவது கேட்டீர்களா?