தராசும் நாக்கும்

கேள்வி: மகளுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போடக் குழந்தை டாக்டரிடம் போனோம். எடை 7 கிலோ. உடனே நர்ஸ், "பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கறதில்லையா? நீங்க மட்டும் நல்லா புஷ்டியா இருக்கீங்களே!" என்றார், எல்லார் முன்னாலும். வாயடைத்து நின்றேன். என்ன சொல்லியிருக்கலாம்?
– ஓர் அம்மா, மதுரை

பதில்: "தராசில் படுத்தது ஒருத்தி, நீங்கள் இரண்டு பேரை நிறுத்துவிட்டீர்களே சிஸ்டர்!" என்றிருக்கலாம். (இப்படிப்பட்ட பதிலெல்லாம் எனக்கும் வீடு திரும்பிக் காபி குடிக்கும்போதுதான் வரும்.) ஆனால் அடுத்த நிமிடம் ஊசி அவர் கையில்!

ஆகவே, சிரித்தபடியே "சார்ட்டில் எங்கே இருக்கிறாள், காட்டுங்களேன்" என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அட்டவணைப்படி, ஒன்பது மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 8.2 கிலோ. 6.5 வரை இயல்பான வரம்புதான். ஒருநாள் எடையைவிட, மாதாமாதம் கோடு ஏறுகிறதா என்பதையே டாக்டர் பார்ப்பார். அந்தச் சார்ட்டில் அம்மாவின் எடைக்குக் கட்டமே கிடையாது.

நர்ஸ் மறுபடியும் அப்படிப் பேசினால் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டு முடித்த பிறகு.