காதுல வயர், கையில கொப்பி

மனே, காதுல வயரக் குத்திக்கிட்டுக் கொப்பியத் தொறந்து வெச்சிருக்காயே, படிக்கிறியா, கச்சேரி கேக்கிறியா? கேட்டா, "பாட்டிருந்தாத்தான் கவனம் வரும் மூத்தவாப்பா" எண்டுறாய். வரட்டும். பாட்டுத் தேடவே அரை மணித்தியாலம் போச்சே, அதுவும் பாடத்திட்டத்துல இரிக்கோ?

பாட்டு வேலையக் கெடுக்கும் எண்டு நான் சொல்லல்ல. கல்முனைக் கடற்கரையில கரைவலை இழுத்த ஆக்களுக்கு அம்பாப் பாட்டு இல்லாட்டிக் கயிறு நகராது. ஒருத்தன் அடி எடுத்துக் குடுப்பான், மத்தவனெல்லாம் அதப் புடிச்சிக்கிட்டு ஒண்டா இழுப்பானுகள். களத்துல சூடு மிதிக்கக்குள்ள 'பொலி, பொலி' எண்டு பாடாட்டி மனிசன் தூங்குவான், மாடு நிண்டு வைக்கல் தின்னும். 1940ல, யுத்த நேரம், பிபிசிக்காரனும் தொழிற்சாலைகளுக்கெண்டே பாட்டு ஒலிபரப்பினான். நம்மட வலைக்காரன் அவனுக்கு முந்தியே பாடிட்டான்.

நீ கயிறா இழுக்கிறாய்? உயர்தரத்துக்கு வரலாறு படிக்கிறாய். அதுலயும் சொல்லு இரிக்கி, பாட்டுலயும் சொல்லு இரிக்கி. ரெண்டும் ஒரு வாசலால நுழையப் பாத்தா எது முந்தும்? பாட்டுக்குத் தாளம் இரிக்கி. பாவம், நீ படிக்கிற டொனமூர் ஆணைக்குழுவுக்கு அது இல்லயே.

இசை கேட்டா மூளை கூடும் எண்டும் ஒரு கதை இரிக்கி. 1993ல கலிபோர்னியாவுல 36 மாணவர்களப் பத்து நிமிசம் மொசார்ட்டுட இசை கேக்க வெச்சாங்க. கடதாசிய மடிச்சி வெட்டினா எப்பிடி வரும் எண்ட சோதனையில கொஞ்சம் கெட்டிக்காரராகினாங்க. அந்தக் கெட்டித்தனம் கால் மணித்தியாலம் கூட நிக்கல்ல. அதுக்கே, 1998ல ஜோர்ஜியா மாநில ஆளுனர், பிறக்கிற புள்ளைகளுக்கெல்லாம் இசைத்தட்டுக் குடுக்கக் காசு கேட்டார். நல்லகாலம், இது நம்மட மாநகர சபைக்கு எட்டல்ல!

சத்தந்தான் கேடு எண்டா, குர்ஆன மனனம் செய்யிற ஹிப்ளு மத்ரசாவுக்குப் போய்ப் பாரு. ஒரே மண்டபம், ஆளுக்கொரு சூரா. புள்ளைகள் ஆடி ஆடிச் சத்தமா ஓதுதுகள். பக்கத்துப் பொடியன்ட ஓதல் ஒருத்தனையும் குழப்பல்ல. ஏன்? அவனவன்ட வாய் வேலை செய்யிது. ஒன்ட வாய் சும்மா இரிக்கி, பாட்டுக்காரன் வந்து குந்திட்டான்.

கோடு போடு, படம் கீறு, கொப்பிக்கு உறை போடு, அப்பெல்லாம் கேளு. நானே ரேடியோவக் கூட்டி வெக்கிறன். வாசிக்கக்குள்ள மட்டும் வயரக் கழட்டிட்டு வாய விட்டு வாசி. டொனமூர் வந்து என்ன செஞ்சான் எண்டு எனக்கும் ஒன்ட மூத்தும்மாவுக்கும் தெரிஞ்ச மாதிரியும் இருக்கும்.