சோஃபாவுக்குப் பொருந்தாத சுரங்கத் தொழிலாளி

பெங்களூருவில் ஓவியருக்கு ஆண்டில் ஒரு நாள் மரியாதை உண்டு. ஜனவரி முதல் ஞாயிறு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. அன்று கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் சித்திரச் சந்தை. குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஐந்து நட்சத்திர ஓட்டல் பக்கத்து நடைபாதையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்களை உட்கார வைப்பார்கள். மேடையில் விளக்கேற்றுவார்கள், சால்வை போடுவார்கள். ஜனம் லட்சக்கணக்கில் வரும். திங்கட்கிழமை காலை அதே ஓவியர் அதே நடைபாதையில் அதே படத்தை விரித்தால் போலீஸ் வந்து எழுப்பும். கலைக்கு அனுமதி ஒரு நாளைக்குத்தான்.

கோலார் தங்க வயலில் எங்கள் ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் போகிறார்கள். மாரிகுப்பத்தில் கிளம்பும் விடியற்காலை ரயிலில், பழைய புடவையில் சுற்றிய ஃப்ரேம்களோடு. வார நாளில் அந்த ரயிலில் ஃப்ரேம் என்ன, மூச்சே நுழையாது. 2001 பிப்ரவரி கடைசி நாளோடு தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் ஊரின் முக்கிய ஏற்றுமதி மனிதர்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஹெல்பர் என்று பிரித்து, தினமும் பெங்களூருவுக்கு அனுப்பி, இரவில் காலியாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் இடம் இருக்கும். அதனால் கலைக்கும் ஒரு சீட்.

இவர்கள் யாரென்று கேட்டால் கலைக் கல்லூரி முகவரி கிடைக்காது. போர்டு ஆர்ட்டிஸ்டுகள். எம்.ஜி. மார்க்கெட் கடைப் பலகை, ஆண்டர்சன்பேட்டை சினிமா பேனர், மாரியம்மன் திருவிழா கட்அவுட், சர்ச்சுக்கு ஏசு, தெருமுனைச் சுவரில் அம்பேத்கர் எல்லாம் ஒரே கை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் கோணாமல் எழுதும் கை. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. தலைவரின் முகத்தைச் சதுர அடிக் கணக்கில் துப்பிப் போடும் மெஷின். அதற்குப் பசிக்காது, முன்பணம் கேட்காது, எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலையும் படாது. 2024இல் கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று அரசு சட்டமே போட்டது. ஊர் ஊராகப் பலகையை மாற்றும் காலத்தில் தூரிகைக்காரன் வீட்டு அடுப்பு எரிந்திருக்க வேண்டாமோ? ஏறியது பிரிண்டிங் கடை ஏசி பில்தான்.

அப்படிப்பட்ட ஒருவர் வரைந்த படம் ஒன்றைச் சொல்கிறேன். மூன்றடிக்கு இரண்டடி. ஷிஃப்ட் முடிந்து கேஜில் ஏறி மேலே வந்த தொழிலாளி. தலையில் விளக்கு வைத்த ஹெல்மெட், முகமெல்லாம் கல்தூள், வெளிச்சத்துக்குக் கூசும் கண். விலை நாலாயிரம். முன்னால் வந்து நின்றவர் கையில் முந்நூறு ரூபாய் காபி.

"பிரிண்ட்டா, கையால போட்டதா?"

"கையாலதான் சார்."

"ஆன்லைன்ல பிரிண்ட்டே அறுநூறுக்கு வருதே?"

கையால் செய்ததால் விலை குறைய வேண்டும் என்ற இந்தப் பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்களோ. அவர் மேலும் சொன்னார்: "எங்க சோஃபா க்ரே கலர். பேக்ரவுண்டு மேட்ச் ஆகல. இந்த ஆளும் ரொம்ப சோகமா இருக்காரு. கொஞ்சம் சிரிக்கிற மாதிரி பண்ணித் தர முடியுமா?"

சார், அந்த ஆள் சாம்பியன் ரீஃபில் இறங்கியவர். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். எப்போது ராக் பர்ஸ்ட் ஆகி மலை உள்ளுக்குள் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து மூடும்வரை சுமார் 800 டன் தங்கம் மேலே போனது. கல்தூள் நெஞ்சுக்குள் போனது. சிலிக்கோசிஸ் வந்தவர் சிரிக்க ஆரம்பித்தால் இருமலில்தான் முடியும். உங்கள் சோஃபாவுக்கு வேறு துணி மாற்றிக்கொள்ளலாம்.

ஓவியர் இப்படியெல்லாம் சொல்லவில்லை. "மூவாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துக்கோங்க சார்" என்றார். வந்தவர் படத்தோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்தார். இலவசமாகக் கிடைப்பதை நாலாயிரம் கொடுத்து வாங்க அவருக்கென்ன பைத்தியமா?

அடுத்து வந்த பையன்கள் அட்டையில் 'கே.ஜி.எஃப்.' என்று பார்த்ததும் கத்தினார்கள்: "ராக்கி பாய் இல்லையா அண்ணா?" எங்கள் சயனைடு கழிவு மண்மேட்டில் செட் போட்டு, ராக்கி பாயை நாயகனாக்கி எடுத்த 'கே.ஜி.எஃப்.' படத்தின் இரண்டாம் பாகம் 2022இல் ஆயிரம் கோடிக்கு மேல் வசூலித்தது. அந்த மண் காற்றில் பறந்து எங்கள் சோற்றில் விழுவதற்கு மட்டும் டிக்கெட் இல்லை. ராக்கி பாய் வரைந்து வைத்தால் விற்கும். சுரங்கத்தில் இறங்கிய தாத்தாவை வரைந்தால் சிரிக்கச் சொல்வார்கள்.

சந்தைக்கு ஆண்டுதோறும் ஒரு சமர்ப்பணம் உண்டு. 2024இல் இஸ்ரோ விஞ்ஞானிகளுக்கு, 2025இல் பெண் குழந்தைகளுக்கு. நல்லது, இருவரும் தகுதியானவர்களே. வெயிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒண்ணுக்குப் போக இடம் தேடும் ஓவியருக்கு ஒரு வருடம் சமர்ப்பிக்கலாமே என்று யாராவது சொல்லிப் பாருங்களேன். சந்தையே உங்களுக்காகத்தானே என்பார்கள். சால்வை போர்த்தும்போதும் இதையேதான் சொல்கிறார்கள், சால்வையை எம்.ஜி. மார்க்கெட்டில் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

கொரோனாவில் அந்த ஒரு நாளும் போயிற்று. 2021 சந்தை இணையத்தில் நடந்தது. இணையத்துக்கு டேட்டா பேக் போட வேண்டும். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பத்தடி அறையில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் அப்பாவின் ஆன்லைன் கண்காட்சியும் ஒரே போனில். பார்த்தவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டார்கள், கலை வளர்ந்தது.

கஷ்டகாலத்தில் ஓவியன் தெருவுக்கு வருவது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1930களின் தொடக்கத்தில், பெருமந்தம் அமெரிக்காவைப் போட்டு மிதித்தபோது, நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்து நடைபாதையில் ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்றார்கள். பின்னால் பெரும்புகழ் பெற்ற ஜாக்சன் போலக்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அதோடு விட்டிருந்தால் அவர்களும் நம்மைப் போலப் பண்பாடு மிக்க தேசமாக ஆகியிருப்பார்கள். ஆனால் 1935இல் ரூஸ்வெல்ட் அரசு ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் என்று தொடங்கி, ஆயிரக்கணக்கான ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் படம் வரைய வைத்தது. போலக்கும் அந்தச் சம்பளத்தில்தான் பல வருடம் சாப்பிட்டார். சம்பளம்! சால்வை என்று ஒன்று இருப்பதே தெரியாத முரட்டு ஜனங்கள்.

இங்கே சந்தையின் முழக்கம் 'வீட்டுக்கொரு ஓவியம்'. அருமை. வரைகிறவரின் வீட்டுக்குப் பட்டா எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. சுரங்கம் மூடி கால் நூற்றாண்டாகிறது. அப்பா தாத்தா காலத்து லைன் வீட்டை எங்கள் பேரில் எழுதித் தாருங்கள் என்று எங்கள் ஜனம் இன்னமும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள்; பெங்களூரு அதற்காக மேலும் மூன்று வருடம் காத்திருந்தது. தங்கம் இருந்தவரை அவசரம் இருந்தது. இப்போதும் அவசரம் இல்லாமலில்லை. 2024 ஜூனில் மாநில அமைச்சரவை, எங்கள் 13 கழிவு மேடுகளை, ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரை, மீண்டும் அரித்துத் தங்கம் எடுக்கச் சம்மதம் கொடுத்தது. தாத்தா துப்பிய மண்ணில் எத்தனை கிராம் ஒட்டியிருக்கிறது என்று மில்லிகிராம் சுத்தமாகக் கணக்கிடத் தெரிந்த அரசுக்கு, பேரன் வரைந்த தாத்தாவுக்கு என்ன விலை என்று கேட்கத் தெரியவில்லை. ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிச் சுவரும் அரசுப் பள்ளிச் சுவரும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. ஒரு மேட்டில் அரித்தெடுப்பதில் அரைக்கால் பங்கு போதும், ஊரிலுள்ள போர்டு ஆர்ட்டிஸ்டுகள் அத்தனை பேருக்கும் வருடம் பூராவும் வேலை. கோப்பு எழுதத் தெரிந்த அதிகாரி யாராவது இதை எழுதட்டும், பார்க்கலாம்.

அடுத்த ஜனவரியிலும் அந்தப் படம் நடைபாதைக்கு வருகிறது. விலை இப்போது ஐயாயிரம். ஃப்ரேம் கட்டை விலை ஏறிவிட்டது. ஐந்நூறுக்குக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு தகவல். ஓவியர் இம்முறை பதில் தயாராக வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லிக் காட்டினார். பத்திரிகையில் போட முடியாது. முதல் பகுதி தமிழ், மீதி கன்னடம்; சட்டப்படி 60 சதவீதம்.