ஸ்பெக் அண்ணாச்சி

கோவில்பட்டியில் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கடைக்குப் போவதில்லை. ஸ்பெக் அண்ணாச்சி டீ குடிக்கும் இடத்துக்குப் போகிறார்கள். பெற்றோர் வைத்த பேர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் ஸ்பெக் அண்ணாச்சிதான். முப்பது வயசு இருக்கும். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுவார். சாயங்காலம் அடுத்தவர் காசுக்குக் கணக்குப் போடுவார். கூலி ஒரு டீ, ஒரு கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்பதால் கடலைமிட்டாயை மட்டும் ஸ்பெக் பார்க்காமல் தின்பார்.

அவரிடம் மாடல் பேரைச் சொல்லிவிட்டு 'நல்லதா அண்ணாச்சி?' என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் இரண்டாவது டீயும் நம் கணக்கில்தான். "ரைசன் 7 7735எச்எஸ்ஸா? 7-னு ஆரம்பிச்சா புதுசுன்னு நெனைக்காத. மூணாவது நம்பரப் பாரு, 3. அதான் பூர்வீகம். உள்ள இருக்கது ஜென் 3 பிளஸ், பழைய சரக்கு. 2023-ல புதுச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கான். 7840எச்எஸ்னா மூணாவது நம்பர் 4. அது நெசமாவே ஜென் 4."

அடுத்து இன்டெல். கடைசி எழுத்து யூ என்றால் அண்ணாச்சி உதட்டைப் பிதுக்குவார். எச் என்றால் தலையாட்டுவார். எச்எக்ஸ் என்றால் பையனைப் பார்க்காமல் அப்பாவின் சட்டைப் பையைப் பார்ப்பார். "ஐ9 வாங்கி 4050 கிராபிக்ஸ் கார்டு போடுறதுக்கு, ஐ5 வாங்கி 4060 போடு. கேமை இழுக்கது கார்டுதான்" என்பது அவர் தீர்ப்பு. அதற்கு அப்பீல் கிடையாது. 4050-க்கு 6 ஜிபி, 4060-க்கு 8 ஜிபி என்று நினைவகக் கணக்கும் கூடவே வரும். 'அப்ப 4070?' என்று ஆசைப்பட்டவனுக்கு, "லேப்டாப்புல அதுக்கும் 8 தான். டெஸ்க்டாப்புலதான் 12. பேரு ஒன்னு, ஆளு வேற" என்று பதில். ரேம் 16 ஜிபியையும் ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8, 8 என்று ஜோடியாகப் போடச் சொல்வார். கல்யாணம் ஆகாதவர் ஜோடியின் அருமையை இவ்வளவு எடுத்துச் சொல்வது ஊரில் சிலருக்கு ஆச்சரியம்.

ஆனால் அண்ணாச்சியின் உண்மையான திறமை சிப்பில் இல்லை. இரண்டு நாக்கில் இருக்கிறது. இன்ஜினியரிங் காலேஜ் பையன் தனியாக வந்தால், "வாலரண்டா, ஜிடிஏவா?" என்று ஆரம்பிப்பார். அப்பாவோடு வந்தால் கேம் என்ற சொல்லே அவர் வாயில் வராது. ஆட்டோகேட், ஏஐ புராஜெக்ட், பைனல் இயர் என்று வேறொரு அகராதி திறக்கும். பையன் அப்போது முகத்தைப் பாடப் புத்தகம் மாதிரி வைத்துக்கொள்வான்.

இந்த ஊரில் அவருக்கு ஒரே ஒரு சத்துரு உண்டு. அது காலண்டர். பெரிய ஆஃபரெல்லாம் தீபாவளியை ஒட்டி வரும். அப்போது கரிசல்காட்டுக் காசு மண்ணுக்குள் கிடக்கும். உளுந்தும் பாசியும் முளைவிட்டிருக்கும், அவ்வளவுதான். அது விலையாகிக் கைக்கு வர தை, மாசி ஆகிவிடும். அதற்குள் ஆஃபர் போய்விடும். அதனால் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும் ஆடுகளில் சிலவற்றின் தலையெழுத்தை எழுதுகிறவர் அண்ணாச்சிதான்.

அப்படி ஆடு விற்ற காசோடு ஒரு சம்சாரி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி ஆட்டோகேட் அகராதியை முழுசாக ஒப்பித்து முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, "எல்லாஞ் சரி தம்பி. இது எத்தன வாட்டுக் கரண்டு திங்கும்?" என்றார்.

கரண்டு பில்லை நினைத்துக் கேட்டதுதான். ஆனால் அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எத்தனையோ இன்ஜினியரிங் பையன்கள் வந்திருக்கிறார்கள், ஒருவனும் கேட்காத கேள்வி. அதே 4060 கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் செய்கிறவன் இஷ்டம். ஒல்லியாக, அழகாக இருப்பதில் சூடு தாங்காது என்று வாட்டைக் குறைத்துவிடுவான். பட்டினி கிடக்கும் 4060-ஐ வயிறாரச் சாப்பிட்ட 4050 ஓரங்கட்டிவிடும். அட்டைப்பெட்டியில் 4060 என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். வாட் எங்கே என்று தேட வேண்டும்.

"நூத்திப்பதினஞ்சு வாட்டுங்கய்யா" என்றார் அண்ணாச்சி, மரியாதையாக.

"கொறச்சுக் குடுத்தா?"

"பாடம் ஓடும்யா. புராஜெக்ட் திணறும்."

"எந்த டீமோட புராஜெக்ட்டு?" என்று சம்சாரி மகனைப் பார்த்துக் கேட்டார். பையன் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டான். "சரி, நூத்திப்பதினஞ்சே வாங்கு. கரண்டு பில்லு நான் கட்டுதேன், அரியர் பீஸ் நீ கட்டிக்கோ."

பேரம் இத்தனை சுளுவாக முடிந்ததில் அண்ணாச்சிக்கே திகைப்பு. கிளம்பப் போன சம்சாரி திரும்பி, "ஆமா, நீங்க என்ன வச்சிருக்கீக தம்பி?" என்றார்.

அண்ணாச்சியிடம் இருப்பது காலேஜில் படித்தபோது வாங்கியது. கிராபிக்ஸ் கார்டே கிடையாது. பேட்டரி செத்து நாளாகிவிட்டதால் ஒயரைப் பிடுங்கினால் மூச்சு நின்றுவிடும். "எனக்கு அவசரமில்லங்கய்யா. அடுத்த ஜெனரேஷன் வரட்டும்னு பாக்கேன்." 2023-இல் லேப்டாப்புக்கு 40 வரிசை வந்தபோதும் இதைத்தான் சொன்னார். 2025-இல் 50 வரிசை வந்தபோதும் இதேதான்.

"நம்மூரு ஆராய்ச்சிப் பண்ணையிலயும்தான் பருத்திக்கு நம்பர் போட்டு நம்பர் போட்டு விடுதாக. கே 11, கேசி 2, கேசி 3" என்றார் சம்சாரி. "அடுத்த நம்பரு வரட்டும்னு நெலத்தத் தரிசாப் போட்டா, மாடு என்னத்தத் திங்கும்?"