பெட்டி வாங்கும் பெரியப்பா

குழந்தைகளின் பிறந்த நாளுக்குச் சட்டைத் துணி எடுத்து வருகிறவர்கள் ஒரு வகை. ரொக்கத்தை உறையிலிட்டுக் குழந்தையின் கையில் கொடுத்து, அது மறுகணமே தாயாரின் இடுப்புக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துத் திருப்தியடைகிறவர்கள் மற்றொரு வகை. இவ்விரண்டையும் அற்பக் கைங்கரியங்கள் என்று ஒதுக்கிவிட்டு, குழந்தையின் புத்தி அபிவிருத்தியைத் தம் சொந்தப் பொறுப்பாக ஏற்று, கனமான அட்டைப் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படி ஏறுகிறாரே, அவர்தாம் நம் பெரியப்பா. உறவுமுறையில் அவர் பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமாவாக இருக்கலாம், பென்ஷன் வாங்கும் தாத்தாவாக இருக்கலாம். பெரியப்பா ஸ்தானத்துக்குரிய கண்டிப்பும் மூக்குக்கண்ணாடியும் இருந்தால் போதும்.

பொம்மைக் கடையில் அவரைப் பார்க்க வேண்டும். “குழந்தைக்கு என்ன வயசு சார்?” என்று கடைப்பையன் கேட்டால், “நாலு முடியப் போகிறது” என்பார். நாலு பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்களைக் காந்தத் தூண்டிலால் பிடிக்கிற ஆட்டம் ஒன்றைப் பையன் காட்டுவான். “இதில் மூளைக்கு என்ன வேலை?” என்று அதைத் தள்ளிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வேறொரு பெட்டியின் நான்கு புறத்தையும் கிரயப் பத்திரம் படிக்கும் சிரத்தையோடு படிப்பார். ‘வயது 8-க்கு மேல்’ என்று மூலையில் அச்சிட்டிருக்கும். பையன் அதைப் பணிவாகச் சுட்டிக்காட்டினால், “அது பொதுவாக எழுதியது தம்பி, எங்கள் குடும்பத்துக்கு எழுதியதல்ல” என்று பில் போடச் சொல்லிவிடுவார்.

விசுவநாதன் ஆனந்த் ஆறு வயதில் சதுரங்கம் பயின்று 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், சென்னைப் பிள்ளை குகேஷ் 2024-ல் தம் பதினெட்டாம் வயதிலேயே உலகப் பட்டம் வென்றதும் பெரியப்பாவுக்கு மனப்பாடம். ஆனந்துக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா அல்லர், பெற்ற தாயார் என்ற செய்தி மட்டும் எப்படியோ அவர் காதில் விழாமலே போயிற்று.

ஒரு தரம் அவர் கொண்டுவந்தது, பம்பாய், டில்லி, மதராஸ் என்று ஊர்களை விலைக்கு வாங்கி வாடகை வசூலிக்கும் வியாபார ஆட்டம். பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்ததும், குழந்தை சிவப்பு வீடுகளை அள்ளிக்கொண்டது. “அதை இப்போது தொடக்கூடாது கண்ணா. முதலில் ஒருவரை பாங்கர் ஆக்க வேண்டும், பிறகு எல்லோருக்கும் சமமாக மூலதனம் கொடுக்க வேண்டும்” என்று அவர் விதிப் புத்தகத்தின் முதல் ஷரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அடமானத்தைப் பற்றிய ஷரத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள், வீடுகள் ஒரு தெருவாகிவிட்டன. தெருவில் ஒரு பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. ஐந்நூறு ரூபாய் நோட்டுகளெல்லாம் டிக்கெட்டாகிப் பாட்டிக்கும் சமையலறைப் பூனைக்கும் கிழித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன.

குழந்தை செய்ததில் தப்பே இல்லை என்பது என் கட்சி. அந்த ஆட்டத்தின் பூர்வோத்தரம் தெரிந்தால் பெரியப்பாவே திகைத்துப்போவார். நிலத்தை வளைத்துப் போட்டு வாடகையால் கொழுப்பவர்களின் அநியாயத்தை ஜனங்களுக்கு உணர்த்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, லிஸ்ஸி மேகீ என்ற அமெரிக்க மாது ஓர் ஆட்டத்தைச் சமைத்து 1904-ல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததும் நம் வியாபார ஆட்டத்துக்கு மூலமானதுமான மொனாப்பொலி 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனியால் கடைக்கு வந்தபோது, எதிரே இருப்பவனை ஓட்டாண்டியாக்குவதில் எவ்வளவு ஆனந்தம் இருக்கிறது என்பதைத்தான் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். நீதி புகட்டப் பலகையில் கட்டம் வரைகிறவர்களின் கதி பெரும்பாலும் இதுதான்.

பிறகு பெரியப்பாவுக்குப் பாரம்பரியப் பித்துப் பிடித்தது. பதினாலு குழியும் கடைந்த பல்லாங்குழி ஒன்று வந்தது. அதனால் கணிதம் வளரும் என்று ஒரு பிரசங்கமும் நடந்தது. ஆனால் முதல் நாளே புளியங்கொட்டை ஒன்று சின்னவனின் மூக்குக்குள் போய், அன்றைய கணிதம் டாக்டர் பீஸோடு முடிந்தது.

சின்னஞ்சிறு குழந்தைக்கு ஆட்டம் தேடுகிறவர்கள் அறிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சாமர்த்தியத்தால் வெல்லும் ஆட்டத்தில் பெரியவர் ஒன்று ஜெயிக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே தோற்க வேண்டும். முன்னதில் குழந்தை அழும், பின்னதைக் குழந்தை கண்டுபிடித்துவிடும். தாயக்கட்டைதான் நாலு வயதையும் அறுபது வயதையும் ஒரே பாயில் சரிசமமாக உட்கார வைக்கிறது. அமெரிக்காவில் எலினார் அபட் என்ற ஆசிரியை, இளம்பிள்ளை வாதத்தால் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தைகளுக்காக உருவாக்க, 1949-ல் வெளிவந்த ‘கேண்டி லேண்ட்’ என்னும் ஆட்டத்துக்கு எழுத்தும் தெரிய வேண்டாம், யோசனையும் வேண்டாம். எடுத்த சீட்டின் நிறம் தெரிந்தால் போதும். மூளைக்கு வேலையில்லாத அந்த ஆட்டம் இன்றும் விற்பனையாகிறது.

நம் பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க வேண்டுமே என்பதற்காக, சுருட்டி வைத்திருந்த பரமபத படத்தைப் பாட்டி எடுத்து விரித்தாள். பெரியப்பாவும், “அதிர்ஷ்டத்தை நம்பும் ஆட்டம், விவேகத்துக்கு இடமில்லை” என்று முனகிக்கொண்டே ஒரு காயை எடுத்து வைத்தார். குழந்தையின் காய்க்கு மூன்றாவது கட்டத்தில் பாம்பு. மூன்று விழுந்தது. குழந்தை கொஞ்சமும் பதறாமல், நின்ற கட்டத்தையே ஒன்று என்று எண்ணி, இரண்டு, மூன்று என்று பாம்பின் வாய்க்கு ஒரு கட்டம் இப்பால் பத்திரமாய் நின்றுகொண்டது. பாட்டி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினாள். பெரியப்பாவால் மடிக்க முடியுமா? “நின்ற கட்டத்தை எண்ணக் கூடாது! இன்று கட்டத்தில் பொய் சொல்கிறவள் நாளைக்குக் கணக்கில் பொய் சொல்வாள்” என்று காயை எடுத்துப் பாம்பின் வாயில் தாமே வைத்து, அடிவரை இழுத்து வந்துவிட்டார்.

நடுநிசிக்குமேல், வைகுண்டத்துக்கு இரண்டே கட்டம் இருக்கையில், பெரியப்பாவின் காய் பெரிய பாம்பின் வாயில் விழுந்தது. அவர் கட்டையை உற்றுப் பார்த்தார், பாயைப் பார்த்தார், “கட்டை பாய் விளிம்பில் பட்டுத் திரும்பியிருக்கிறது, செல்லாது” என்று மறுபடி உருட்டினார். “பெரியப்பா போங்கு!” என்று குழந்தை கூவியதில், திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் ஏகாதசி விரதத்தைப் பூர்த்தி செய்தார்கள்.

இப்படிப்பட்ட பெரியப்பா உங்கள் வீட்டுக்கும் வருவார். அவர் தரும் பெட்டியை மரியாதையாக இரு கையாலும் வாங்கிப் பரண்மேல் வையுங்கள்; குழந்தைக்கு எட்டு வயதாகும்போது இறக்கிக்கொள்ளலாம். அதுவரை தாயக்கட்டையை எடுத்துக் கொடுங்கள். அவருக்கும் ஒரு காய் கொடுங்கள். ஆனால் பாயை மட்டும் கொஞ்சம் அகலமானதாகப் பார்த்து விரியுங்கள்.